75 சதவீதம் தருகிறேன் என்கிறது புது கேரியர்: மாறலாமா?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு செமி டிரக் வைத்து, மூன்று வருடமாக ஒரே கேரியர் (சரக்குப் போக்குவரத்து) கம்பெனிக்கு வண்டியை லீஸ் ஒப்பந்தத்தில் கொடுத்து ஓட்டுகிறேன். டிரை வேன் (மூடிய பெட்டி டிரெய்லர்) லோடுதான். லோடோடு போனாலும் எம்ப்டியாகப் போனாலும் மைலுக்கு 1.25 டாலர்; அதோடு டீசல் செலவுக்கு ஈடாகத் தரும் சர்சார்ஜ் 40 சென்ட். வாரம் 2,400 மைல் ஓடும், அதில் 430 மைல் போல எம்ப்டி. இன்சூரன்ஸ், நம்பர் பிளேட், எஸ்க்ரோ (கேரியரிடம் இருக்கும் வைப்புப் பணம்) என்று வாரம் 230 டாலர் பிடிக்கிறார்கள். எஸ்க்ரோவில் என் பணம் 2,500 டாலர் இருக்கிறது. வண்டிக் கடன் மாதம் 1,900. லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சரோடு ஒத்துப்போகவில்லை, காத்திருப்புப் பணமும் ஒழுங்காக வருவதில்லை. இன்னொரு கேரியர் லைன்ஹாலில் (சர்சார்ஜ் சேர்க்காத லோடு கட்டணத்தில்) 75 சதவீதம் தருகிறேன் என்கிறது. லோடு மைலுக்குச் சராசரி 2 டாலர் வருமாம். அப்படியானால் எனக்கு 1.50. சர்சார்ஜ் முழுவதும் எனக்கே. சேர்ந்தால் 5,000 டாலர் போனஸ். பிடித்தம் மட்டும் டிரெய்லர் வாடகையோடு வாரம் 340. விரும்பினால் லீஸ்-பர்சேஸில் (வாடகை கட்டிக் கட்டி வண்டியைச் சொந்தமாக்கும் திட்டத்தில்) புது வண்டியும் தருவார்களாம். கையில் சேமிப்பு 6,000 டாலர். வரியும் அதிலிருந்துதான் கட்டவேண்டும். மனைவி, இரண்டு பிள்ளைகள். அடுத்த மாதமே மாறிவிடலாமா?

பதில்: அடுத்த மாதம் வேண்டாம். மாறவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய எண்களை வைத்தே கணக்குப் போட்டால், புது இடத்தில் உங்கள் வருமானம் குறைகிறது.

1.25 எங்கே, 1.50 எங்கே என்று பார்க்கும்போது மைலுக்கு 25 சென்ட் கூடுதல் போலத் தெரிகிறது. இரண்டும் ஒரே மைல் இல்லை. இப்போதைய கேரியர் எம்ப்டி மைலுக்கும் காசு தருகிறது. சதவீதக் கணக்கில் எம்ப்டி மைலுக்கு வருவது பூஜ்யம், ஏனென்றால் அந்த மைலுக்குச் சரக்கு அனுப்பும் ஷிப்பர் யாரும் பணம் தருவதில்லை. இல்லாத பணத்தில் 75 சதவீதம் எப்படி வரும்? சர்சார்ஜும் பெரும்பாலும் லோடு மைலுக்குத்தான்.

இப்போது வாரம் 2,400 மைலுக்கு 3,000 டாலர், சர்சார்ஜ் 960, மொத்தம் 3,960. பிடித்தம் 230 போக 3,730. புது இடத்தில் லோடு மைல் 1,970 என்று வையுங்கள். 1.50 வீதம் சுமார் 2,955, சர்சார்ஜ் 788, பிடித்தம் 340 போக 3,403. வாரத்துக்கு 327 டாலர் குறைவு. வருடத்தில் 50 வாரம் ஓடினால் 16,000 டாலருக்கு மேல் போகிறது. டீசல் செலவு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. 5,000 டாலர் போனஸ் இந்தப் பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. அது பெரும்பாலும் ஒரே தடவையில் வராது, மாதாமாதம் பிரித்துத்தான் வரும். நடுவில் விலகினால் வாங்கியதைத் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு. போனஸுக்கும் வரி உண்டு.

எந்த இடத்தில் கணக்கு திரும்புகிறது என்றும் பார்த்தேன். எம்ப்டி மைல் இதே அளவில் இருந்தால், லோடு மைலுக்கு லைன்ஹால் 2.22 டாலருக்கு மேல் வந்தால்தான் நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்கே வந்து சேர்வீர்கள். அல்லது 2 டாலரே வந்தாலும் எம்ப்டி 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். அப்போதும் வாரத்துக்கு 34 டாலர்தான் கூடும். அதற்காக வண்டியில் ஸ்டிக்கர் மாற்றும் வேலைகூட வேண்டாம் என்பேன்.

சதவீத முறையைக் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. மைல் கணக்கில் எம்ப்டியாக ஓடும் நஷ்டத்தை கேரியர் தாங்குகிறது, சதவீதத்தில் அது உங்கள் தலையில் வருகிறது. அதற்கு ஈடாக, சந்தையில் ரேட் ஏறும்போது உங்களுக்கும் ஏறும். 2021-இல் சதவீதத்தில் ஓட்டியவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். 2022-இல் ஸ்பாட் ரேட் (அன்றன்றைய சந்தை ரேட்) இறங்க ஆரம்பித்தபோது முதலில் அடிவாங்கியதும் அவர்கள்தான். வாரா வாரம் வருமானம் ஏறி இறங்குவதைத் தாங்க ஒரு கையிருப்பு வேண்டும். 6,000 டாலர், அதிலும் வரிப்பணம் கலந்த 6,000, அதற்குப் போதாது.

உங்கள் பக்கத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். இப்போது 2,400 மைலுக்குப் பணம் வருகிறது. ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது? சில கேரியர்கள் ஹவுஸ்ஹோல்ட் குட்ஸ் மைல் என்ற பழைய கணக்கில் தருவார்கள். அது நிஜமாக ஓடியதைவிடக் குறையும். ஓடுவது 2,600 ஆக இருந்தால் உங்கள் 1.25 நிஜத்தில் 1.15 டாலர் சொச்சம்தான். அப்போது மேலே போட்ட கணக்கை நிஜ மைலில் திரும்பப் போடவேண்டும்.

புதுக் கேரியரிடம் கேட்கவேண்டிய பெரிய கேள்வி, "எதில் 75 சதவீதம்?" என்பது. ஷிப்பர் கட்டும் முழுத் தொகையிலா, அல்லது அவர்களுடைய சொந்த புரோக்கரேஜ் (லோடு பிடித்துத் தரும் தரகுக் கம்பெனி) தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதிலா? ஒரே முதலாளியின் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் லோடு கை மாறும்போது, உங்கள் 75 சதவீதம் எந்தத் தொகையில் என்பதே மாறிவிடும். சதவீதத்தில் ஓட்டுபவருக்கு, அந்த லோடின் ரேட் போட்ட பில்லின் நகலை செட்டில்மென்டுக்கு (கணக்குத் தீர்த்துப் பணம் தருவதற்கு) முன்போ அதோடு சேர்த்தோ தரவேண்டும் என்பது மத்திய அரசின் லீஸ் விதி (49 சிஎஃப்ஆர் பகுதி 376). "அதெல்லாம் தருவதில்லை" என்று ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே ஓட்டும் ஒருவரின் கடைசி மூன்று மாத செட்டில்மென்டைப் பார்க்கமுடிந்தால் அதைவிட நல்ல ஆவணம் வேறு இல்லை. ரெக்ரூட்டர் சொல்லும் "சராசரி 2 டாலர்" யாருடைய சராசரி என்று தெரியாது. டீசல் தள்ளுபடியையும் கேளுங்கள். வாரம் 370 காலன் அடிப்பீர்கள். காலனுக்கு 30 சென்ட் வித்தியாசம் என்றால் வாரம் 110 டாலர். விளம்பரத்தில் வராத எண் இது.

சரி, கணக்கு சாதகமாகவே வந்தது என்று வைப்போம். அப்போதும் மாறுவதற்கு ஒரு செலவு உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய லீஸ் முடிந்து, புது இடத்தில் போதைப்பொருள் சோதனை, வண்டி இன்ஸ்பெக்‌ஷன், ஓரியன்டேஷன் எல்லாம் தாண்டி, முதல் லோடு இறக்கி, பணம் கைக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகலாம். தேவையான காகிதங்களைக் கொடுத்த 15 நாளில் பணம் தரவேண்டும் என்கிறது விதி. அந்த 15 நாளும் வீடும் வண்டியும் செலவு கேட்கும். வண்டிக் கடன் 1,900. வீட்டுச் செலவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, 4,000 என்று வைக்கிறேன். புதுக் கேரியர் ஃபியூவல் கார்டு உடனே தராவிட்டால் இரண்டு வார டீசலுக்கு 2,700. இன்ஸ்பெக்‌ஷனில் டயர் மாற்றச் சொன்னால் இன்னொரு 1,500. மொத்தம் 10,000 டாலர் பக்கம் வருகிறது. எஸ்க்ரோ 2,500-ஐ இதில் சேர்க்காதீர்கள். அது திரும்பி வர, லீஸ் முடிந்த நாளிலிருந்து 45 நாள் வரை அவர்களுக்கு அவகாசம் உண்டு.

வரியைத் தனியாக வையுங்கள், இன்றே. சுயதொழில் வரியே 15.3 சதவீதம், அதற்கு மேல் வருமான வரி. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பது ஒரு ஆறுதல். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளில் ஐஆர்எஸ்ஸுக்குப் போகவேண்டிய பணம் உங்கள் சேமிப்பு இல்லை. அந்த 6,000-இல் பாதி அதற்குப் போகும் என்று எடுத்தால், மாறுவதற்கு உங்களிடம் இருப்பது 3,000.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு நாள் இடைவெளிகூட ஆபத்து. லோடு இழுக்கும்போது பொதுப் பொறுப்புக் காப்பீடு கேரியருடையது. ஆனால் உங்கள் வண்டியின் சேதத்துக்கான பிசிக்கல் டேமேஜும், டிரெய்லர் இல்லாமல் ஓட்டும்போதைய பாப்டெயில் காப்பீடும் அவர்கள் குழுவில் எடுத்ததாக இருந்தால், லீஸ் முடியும் நாளில் அவையும் முடியும். வண்டிக்குக் கடன் கொடுத்தவர் இடைவெளியைக் கண்டுபிடித்தால் தானே ஒரு பாலிசி எடுத்து, அந்த விலையை உங்கள் தலையில் கட்டுவார். அது மலிவாக இருக்காது. புதுப் பாலிசியின் சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் பழைய லீஸை முடிக்கும் தேதியை எழுதிக் கொடுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் ஒரு முகவரிடம் விலை கேட்டுப் பாருங்கள். காப்பீட்டைக் கேரியரிடம்தான் வாங்கவேண்டும் என்று கட்டாயப்படுத்த விதியில் இடமில்லை. அப்படி வாங்கி வைத்துவிட்டால் அடுத்த முறை மாறுவதும் சுலபம்.

பிளேட்டும் அப்படித்தான். அது கேரியர் பெயரில் இருந்தால் அங்கேயே நிற்கும்; வாராவாரம் பிடித்துக் கட்டியது நீங்களாக இருந்தாலும். அந்த பிளேட்டுக்கு அவர்கள் ரீஃபண்ட் வாங்கினாலோ வேறொரு ஓனருக்கு விற்றாலோ, அதில் உங்கள் பங்கு உங்களுக்கு வரவேண்டும். லீஸில் அந்த வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். 2290 படிவத்தில் கனரக வாகன வரி யார் கட்டினார்கள் என்பதையும் பாருங்கள். எடை 75,000 பவுண்டுக்கு மேல் என்றால் வருடம் 550 டாலர். அந்த வரி கட்டியதற்குச் சான்றான, முத்திரை போட்ட ஷெட்யூல் 1 நகல் கையில் இல்லாமல் உங்கள் பெயரில் புது பிளேட் வாங்கப் போனால் அலையவேண்டி வரும்.

லீஸ்-பர்சேஸ் வண்டி வேண்டவே வேண்டாம். உங்களிடம் சொந்த வண்டி இருப்பதால்தான் இந்தக் கேரியர் பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போகலாமா என்று யோசிக்கவே முடிகிறது. வண்டியும் அவர்களுடையது, லோடும் அவர்களுடையது என்றால் அந்தச் சுதந்திரம் போய்விடும். விலகினால் அதுவரை கட்டியதும் போகும். மத்திய அரசு அமைத்த டிரக் லீசிங் பணிக்குழு 2025-இல் கொடுத்த அறிக்கையில் இந்த வகைத் திட்டங்களைத் தடைசெய்யவே பரிந்துரை செய்தது. சொந்த அத்தாரிட்டி (நீங்களே கேரியராக ஓட்டும் அனுமதி) எடுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இந்தக் கையிருப்பில் நானும் அதைச் சொல்லமாட்டேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தோன்றுவது, உங்களை வெளியே தள்ளுவது ரேட் இல்லை, டிஸ்பாட்சர். அப்படியானால் முதலில் அதைச் சரிசெய்யப் பாருங்கள். ஓனர்-ஆபரேட்டர் (சொந்த வண்டி ஓட்டுபவர்) விவகாரங்களைப் பார்க்கும் மேலாளரிடம் போய், வேறு டிஸ்பாட்சர் வேண்டும் என்று கேளுங்கள். மூன்று வருடம் ஒழுங்காக ஓட்டியவரை இழக்கக் கேரியரும் விரும்பாது; புதிதாக ஒருவரைப் பிடிக்க அதற்கும் செலவு. வராத காத்திருப்புப் பணத்தை, வந்த நேரம், வெளியே விட்ட நேரம், ரசீதில் கையெழுத்து என்று லோடு வாரியாக எழுதி ஈமெயிலில் அனுப்புங்கள். வாரத்துக்கு நான்கு மணி நேரம் மணிக்கு 40 டாலர் வீதம் வசூலானாலே 160 டாலர். புதுக் கேரியர் தருவதாகச் சொல்லும் போனஸ், 52 வாரத்துக்குப் பிரித்தால் 96 டாலர்தான்.

இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். அதற்குள் வரி தவிர 10,000 சேர்ந்து, செட்டில்மென்ட் நகல்களில் 2.22-க்கு மேல் தெளிவாகத் தெரிந்தால் மாறுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் வேண்டாம். டிரை வேனுக்கு வருடத்தில் மந்தமான காலம் அது. புதிதாக வந்தவருக்கு நல்ல லோடு கடைசியில்தான் வரும்.

கிளம்பும்போது கோபத்தில் லோடை நடுவழியில் விட்டுவிடாதீர்கள். அது டிஏசி அறிக்கையில் (கேரியர்கள் பார்க்கும் டிரைவரின் வேலை வரலாற்றில்) ஏறினால் அடுத்த கேரியரும் யோசிக்கும், அதற்கடுத்ததும் யோசிக்கும். லீஸில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று பார்த்து, எழுத்தில் கொடுங்கள். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே எஸ்க்ரோ கணக்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எந்த நேரத்திலும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பணத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வட்டி சேர்ந்திருக்கவேண்டும், பலருடைய கணக்கில் அந்த வட்டியே இருக்காது. கதவில் இருக்கும் கேரியர் பெயர்ப் பலகைகளைக் கழற்றி, படம் எடுத்து, ரசீதோடு திருப்பி அனுப்புங்கள். அவை வரும்வரை கடைசிப் பணத்தை நிறுத்திவைக்க லீஸில் இடம் இருக்கலாம். 45 நாளில் எஸ்க்ரோ வராவிட்டாலோ, லீஸில் இல்லாத பிடித்தம் ஏதாவது அதில் இருந்தாலோ, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் விளக்கம் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் டிரக்கிங் லீஸ் வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் போங்கள். இந்த விதிகளை மீறும் கேரியர் மீது நீங்களே வழக்குப் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது.