இசை மேலாண்மைக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். சிறு வயது முதல் வாய்ப்பாட்டு கற்று வந்தாலும், கச்சேரிப் பாடகியாகும் அளவு எனக்குத் திறமை இல்லை என்பது எனக்கே தெரியும். இசையை விட்டு விலகவும் மனமில்லை. கலைஞர்களின் கச்சேரி, ஒப்பந்தம், பயணம், ஒலிப்பதிவு ஆகியவற்றைக் கவனிக்கும் மேலாளராக விரும்புகிறேன். பாட்டு ஆசிரியை இசையிலேயே பட்டம் படிக்கச் சொல்கிறார். அப்பா, உள்ளூரில் பி.பி.ஏ. முடித்து ஈவென்ட் மேனேஜ்மென்ட் டிப்ளமா சேர்த்துக்கொள் என்கிறார். அமெரிக்காவிலுள்ள சித்தப்பா, பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு, சென்னையில் ஐந்தாண்டு பி.காம்., எல்.எல்.பி. படிப்புக்கு விண்ணப்பியுங்கள் என்பதே என் யோசனை. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் அந்தப் படிப்பு இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் சென்னையிலேயே பி.காம். சேர்ந்து, அதன்பின் மூன்றாண்டு சட்டம் படிக்கலாம். பாட்டு கற்ற பெண்ணைச் சட்டப் புத்தகத்தோடு உட்காரச் சொல்வது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கக்கூடும். ஆனால் மேலாளரின் மேசைக்கு வருபவற்றில் பெரும்பகுதி உரிமையும் கணக்கும் தேதியும்தான்.

ஒரு பாடகர் தம் கச்சேரியை யூடியூபில் ஏற்ற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தியாகராஜர் 1847இல் மறைந்தவர் என்பதால் அவருடைய கிருதிகளை யாரையும் கேட்காமல் பாடலாம். பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். நம் பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பாளி மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிப்பதால், அவருடைய பாடல்களுக்கு 2033 முடியும்வரை காப்பு உண்டு. இறுதியில் பாடும் தில்லானா பாலமுரளிகிருஷ்ணாவுடையது என்றால் கணக்கு 2076 வரை போகிறது. இது பாடலின் உரிமை மட்டுமே. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை இருக்கிறது. பாடியவருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் வேறோர் உரிமை இருக்கிறது. மிருதங்கம் வாசித்தவரிடம் பதிவுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கினீர்களா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் மௌனம்தான் பதிலாக வரும். தியாகராஜ கிருதியின் பதிவுக்கே ஏதோவொரு நிறுவனத்தின் பெயரில் தானியங்கி உரிமைக் கோரல் வந்து நிற்பதும் நடக்கிறது. அதற்கு முறையாக மறுப்பு எழுதத் தெரிந்தவரே கலைஞருக்குத் தேவைப்படுகிறார்.

திரையிசையில் சிக்கல் இன்னும் கூடுதல். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிய பங்கை, அவர்களே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனதும், இளையராஜாவின் பாடல்களை மேடையில் பாடுவதை எஸ்.பி.பி. நிறுத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். யார் பக்கம் நியாயம் என்று அன்று ஊரே வாதிட்டது. மேலாளருக்கு அந்த வாதம் தேவையில்லை. விமானச் சீட்டு எடுக்கும் முன்பே பாடல் பட்டியலையும் உரிமத்தையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பணக் கணக்கும் அப்படியே. செவ்விசை, நாட்டுப்புற இசைக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வாங்கும் சன்மானத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, அதே கலைஞர் மெல்லிசை நிகழ்ச்சியில் பாடினால் அந்த விலக்கு பொருந்தாது. அமெரிக்கப் பயணம் என்றால், பண்பாட்டுக் கலைஞர்களுக்கான பி-3 விசாவுக்கு அங்குள்ள அமைப்பு முன்கூட்டியே மனு செய்ய வேண்டும், வயலின்காரர் முதல் கடம் வாசிப்பவர் வரை ஒவ்வொருவரின் ஆவணமும் உரிய நேரத்தில் சேர வேண்டும்.

பெர்க்லீயை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் ஆண்டுக் கட்டணம் மட்டுமே 40,000 டாலரைத் தாண்டுகிறது, அங்கே கற்பிப்பது பெரும்பாலும் அமெரிக்கத் துறை இயங்கும் விதத்தை. அந்த நாட்டிலேயே வேலை பார்ப்பதாக முடிவு செய்தவருக்கு அது பொருத்தமான படிப்பு. ஈவென்ட் மேனேஜ்மென்ட் படிப்பில் மண்டபம், விளக்கு, உணவு ஆகியவற்றோடு இசையும் பில்லில் ஒரு வரியாக வந்து போகும். இசைப் பட்டம் தரும் அறிவின் ஒரு பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டு வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கலைஞரின் குரல் களைத்திருக்கிறது, அடுத்த வாரம் இரண்டு கச்சேரிகளை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று சொல்ல ஸ்ருதி தெரிந்த காது வேண்டும்.

சென்னை என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் டிசம்பர் சீசன். மியூசிக் அகாடமி, நாரத கான சபா, கிருஷ்ண கான சபா என்று நடந்தே பழகுங்கள். ஏதாவதொரு சபாவில் தொண்டராக நுழைந்து, மதியக் கச்சேரிக்கும் மாலைக் கச்சேரிக்கும் நடுவே மேடை எப்படி மாறுகிறது, மைக் சரிபார்க்கக் கிடைக்கும் சில நிமிடங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள், பக்கவாத்தியக்காரரின் தேதி இரண்டு இடங்களில் மோதினால் செயலாளர் யாருக்கு முதலில் போன் செய்கிறார் என்பதையெல்லாம் கவனியுங்கள். இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கர்நாடக இசையில் மாதச் சம்பளத்துக்கு மேலாளர் வைத்துக்கொள்பவர்கள் மிகக் குறைவு. பலருக்கும் மனைவியோ கணவரோ சீடரோதான் அந்த வேலையைப் பார்க்கிறார்கள். சம்பள வேலை இசை நிறுவனங்களிலும், ஐ.பி.ஆர்.எஸ். போன்ற உரிமைச் சங்கங்களிலும், ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிலும்தான் இருக்கிறது, அங்கெல்லாம் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். அப்பாவிடம் பேசும்போது இதையே முதலில் சொல்லுங்கள். இசைத் துறை கைகொடுக்காத ஆண்டிலும் வழக்கறிஞர் தொழில் இருக்கும் என்றால், பி.பி.ஏ.வை அவர் பெரிதாகப் பிடித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.