இரவுச் சாப்பாட்டைக் குறைத்ததும் அம்மாவுக்கு நடுக்கம் ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சீனி வருத்தத்துக்குக் கிளிக்கிளசைட் குளிசை போடுகிறார். போசணையாளர் சொன்னபடி இரவில் ஆறு இடியப்பத்தை மூன்றாகக் குறைத்தோம். இப்போது விடியப்புறம் வியர்த்து நடுங்குகிறார். டொக்டர், போசணையாளர், யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, இருவர் சொன்னதும் சரிதான். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாததுதான் சிக்கல். கிளிக்கிளசைட், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பாடு பாதியாகிக் குளிசை மட்டும் அப்படியே இருந்தால் இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கிவிடும். வியர்வையும் நடுக்கமும் அதனால்தான் வரும். இன்றைக்கே டொக்டரைப் பாருங்கள், குளிசையை நீங்களாக மாற்ற வேண்டாம். அதுவரை இரவில் பழையபடி ஆறு இடியப்பமே கொடுங்கள்.

நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். சீனி 70 mg/dLக்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நானும் போசணையாளர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐயாவைக் கீரை நிறையச் சாப்பிடச் சொன்னேன். அவர் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசை போடுகிறாரா என்று கேட்கவே இல்லை. கீரையிலுள்ள விற்றமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அடுத்த இரத்தப் பரிசோதனையில் டொக்டர்தான் பிடித்தார். இன்றும் அது எனக்கு வலிக்கிறது. மருந்துத் துண்டைப் பார்க்காமல் இப்போது நான் சாப்பாடு பற்றி வாய் திறப்பதில்லை.

அம்மாவுக்கு ஒரே கொப்பி போதும். சீனி அளவு, குளிசை, சாப்பாடு எல்லாம் அதில் எழுதி, இருவரிடமும் காட்டுங்கள்.