பக்கத்து வீடு விலைக்கு வருகிறது: முதலீடாக வாங்கலாமா?

தம் வீட்டை ஒட்டிய வீட்டின் உரிமையாளர் அதை விற்க முடிவு செய்து, வெளியாருக்குச் சொல்வதற்கு முன் தம்மிடம் சொல்லியிருக்கிறார் என்றும், பாதித் தொகை கையில் இருக்க மீதியை வங்கிக் கடனாகப் பெற்று வாங்கி வாடகைக்கு விட்டால் அது நல்ல முதலீடாகுமா என்றும் நண்பர் கேட்டிருக்கிறார். 2023-இல் மதுரையில் எனக்கும் இதே நிலை வந்தது. ஏறத்தாழ பத்து மாதம் யோசித்த பிறகே வாங்கினேன். அதனால் பட்டதைக் கொண்டே சொல்கிறேன்.

பக்கத்து இடம் வந்தால் விடக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வது வயலுக்குப் பொருந்திய அறிவுரை. வரப்பை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக உழலாம், ஒரே கிணற்றில் பாய்ச்சலாம். நகரத்து வீட்டில் அந்த ஆதாயம் தானாக வருவதில்லை. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அந்த வீடு உங்கள் வீட்டை ஒட்டி இல்லாமல் நான்கு தெரு தள்ளி இருந்தால் இதே விலைக்கு வாங்குவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்வதுதான். மாட்டேன் என்பது பதிலானால், நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப்போவது பக்கத்தில் இருக்கும் வசதிக்கான விலையே தவிர முதலீடு அல்ல. வசதிக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. அதை முதலீட்டுக் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

என் கணக்கைத் தருகிறேன். மூன்று சென்ட் இடம், கீழும் மேலுமாக இரண்டு குடியிருப்பு, பேசி முடித்த விலை 62 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் என்பதால் அதற்கு மட்டும் 5,58,000 ரூபாய் ஆயிற்று. வக்கீல் கட்டணம், மராமத்து, வெள்ளை அடிப்பது எல்லாம் சேர்த்தால் மொத்தம் 70 லட்சத்தைத் தொட்டது. இரண்டு குடியிருப்புக்கும் சேர்த்து அப்போது கிடைக்கக்கூடிய வாடகை மாதம் 14,000. சொத்து வரியையும், வீடு காலியாகக் கிடக்கும் ஒரு மாதத்தையும், சில்லறைப் பழுதுகளையும் கழித்தால் ஆண்டுக்கு 1,40,000 நிற்கும். போட்ட பணத்துக்கு அது 2 சதவீதம்தான். 35 லட்சம் கடனுக்கு 8.75 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 31,000 கட்ட வேண்டும். வாடகை அதில் பாதியைக்கூட ஈடுகட்டாது. மீதி முழுவதும் சம்பளத்திலிருந்து போகும். புதிய வருமான வரி முறையில் இருப்பவர்கள், வாடகையை மிஞ்சிய அந்த வட்டி நட்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

ஆக, 7 சதவீதம் தரும் வைப்புநிதிக்கு ஈடாக நிற்பதற்கே அந்த வீட்டின் விலை ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறியாக வேண்டும். அதிலும் பழைய வீட்டில் விலை ஏறுவது மண்ணுக்குத்தான், கட்டடத்துக்கு அல்ல. பிற்காலத்தில் விற்கும்போது, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் ஆதாயத்தில் 12.5 சதவீதம் வரி உண்டு; 2024 ஜூலை 23-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வாங்கிய வீட்டுக்குப் பணவீக்கத்தைக் கணக்கிட்டுக் கழிக்கும் சலுகை கிடையாது. உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் விடை இதற்கு அருகில்தான் வரும் என்பது என் எண்ணம்.

பக்கத்து வீட்டுக்காரராக இருந்து வாங்குகிறவருக்கு உண்மையாகவே ஓர் ஆதாயம் இருக்கிறது. வெளியார் ஒரு பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகும் வீட்டை நாம் பல மழைக்காலம் பார்த்திருக்கிறோம். ஐப்பசியில் மாடிக் குளியலறைக்கு நேர்கீழே அவர்கள் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு அப்பளம்போல் எழும்பி உதிர்வதை நான் ஆண்டுதோறும் பார்த்தவன். 2017 கோடையில் அவர்களுடைய ஆழ்துளைக் கிணறு வற்றி லாரித் தண்ணீர் வாங்கியதும் தெரியும். இவை எல்லாம் விலை பேசும்போது உதவின. அதைவிட முக்கியமாக, மாடியில் இருந்தவர் மாத வாடகைக்கு இல்லை, காலி செய்யும்போது திரும்பப் பெறும்படி 5 லட்சம் மொத்தமாகக் கொடுத்து ஒத்திக்கு இருக்கிறார் என்பது தெருவில் எங்களுக்கு மட்டுமே தெரியும். அந்த ஒத்தி பதிவு செய்யப்படாதது. பதிவான பத்திரங்களை மட்டும் காட்டும் வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்கு எடுத்தாலும் அதில் ஒரு வரிகூட இருக்காது. அதை முன்பே தெரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர், வீட்டைக் காலி செய்ய அந்த 5 லட்சத்தையும் தாமே கொடுக்க நேரும்.

இதே பழக்கம்தான் இடைஞ்சலும் ஆகிறது. விற்றவரை நான் இருபது ஆண்டுகளாக அண்ணன் என்றே அழைத்து வருகிறேன். என் மகளுக்கு நள்ளிரவில் காய்ச்சல் முற்றியபோது ஆட்டோ பிடித்து வந்தவர் அவர். அவரிடம் வீட்டின் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரம் எங்கே, வாரிசுச் சான்று எங்கே என்று கேட்க எனக்கு இரண்டு வாரம் வாய் வரவில்லை. கேட்டபோது, "பட்டா என் பேர்லதானே தம்பி இருக்கு, இன்னும் என்ன வேணும்?" என்றார். அவர் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் அந்த வீடு அவருடைய தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அண்ணனுடைய இரண்டு தங்கைகளுக்கும் சமபங்கு உண்டு. பட்டா ஒருவர் பெயரில் இருப்பதால் மற்றவர்களின் பங்கு மறைந்துவிடாது.

தங்கைகளுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாயிற்று என்று அவர் வருத்தப்பட்டார். அப்போது எனக்குக் கைகொடுத்தது வங்கிக் கடன்தான். கேட்பது நான் அல்ல, வங்கியின் வக்கீல் என்று ஆனவுடன் பேச்சு இலகுவாயிற்று. முழுப் பணமும் உங்கள் கையில் இருந்தாலும், தனி வக்கீல் ஒருவரை வைத்து அவர் மூலமாகவே பத்திரங்களைக் கேளுங்கள் என்று இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு தங்கைகளும் வந்து கிரையப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்திட்டார்கள். அதற்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் சில வாரம் அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் தாங்கித்தான் ஆக வேண்டும்.

நெருங்கியவர் என்பதால் விலையில் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் வரும். ஒப்பவே ஒப்பாதீர்கள். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அந்தத் தொகை பத்திரத்தில் இல்லாததால், நாளை நீங்கள் விற்கும்போது அதுவும் உங்கள் ஆதாயமாகவே கணக்கிடப்படும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தைப் பிடித்து வரியாகச் செலுத்த வேண்டியவரும் வாங்குகிறவரே.

இவ்வளவு சொல்லியும் நான் ஏன் வாங்கினேன் என்று கேட்பீர்கள். கிராமத்தில் தனியாக இருந்த என் தாயாரும் தந்தையாரும் எங்களோடு ஒரே வீட்டில் இருக்கத் தயங்கினார்கள், ஆனால் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டார்கள். ஒத்தியைத் தீர்த்த பின் மாடியை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறோம். கீழே அவர்கள் இருக்கிறார்கள். வெறும் வாடகைக்காக என்றால் வாங்கியிருக்க மாட்டேன். உங்களுக்கும் அப்படி ஒரு தேவை இருந்து, தவணை போக வீட்டுச் செலவுக்கும் ஆறு மாதச் சேமிப்புக்கும் இடம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் சொத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே அந்தத் தெருவில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அங்கே தண்ணீர் வற்றினாலும் சாக்கடை பொங்கினாலும் இரண்டு வீட்டின் விலையும் ஒன்றாகவே இறங்கும்.

வாங்கினால் இரண்டையும் இடித்து ஒன்றாக்கிவிடாதீர்கள். பட்டா, மின் இணைப்பு, சொத்து வரி எண் எல்லாம் தனித்தனியாகவே இருக்கட்டும், ஏனெனில் அவசரத்துக்கு ஒன்றை விற்க நேர்ந்தால் சிறிய வீட்டுக்கே ஆள் சீக்கிரம் கிடைப்பார்கள். நாங்கள் இடையிலுள்ள சுற்றுச்சுவரில் இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறோம். அம்மா காலையில் அந்த வழியாகத்தான் வருகிறார். கொத்தனார் ஒருவர் ஒரே நாளில் அதை அடைத்துவிட முடியும்.