எறும்பு மருந்து வைக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

சமையல் மேடையில் எறும்புக்கான ஜெல் மருந்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் முன்பைவிட அதிகமாக எறும்பு மொய்த்துவிட்டது. பயந்துபோய் மேலேயே ஸ்ப்ரே அடித்துவிட்டேன். கடையில் போலி மருந்து கொடுத்துவிட்டார்களா?
வாசகி, திருச்சி

மருந்து நல்ல மருந்துதான். மொய்த்தது அது வேலை செய்ததற்கு அடையாளம். கெடுத்தது ஸ்ப்ரே.

நம் கண்ணில் படுகிற எறும்புகள் இரை தேடி வெளியே வந்த சிறு பகுதி மட்டுமே. ராணியும் புழுக்களும் மற்ற வேலைக்கார எறும்புகளும் சுவர் விரிசலுக்குள்ளோ டைல்ஸ் அடியிலோ இருக்கின்றன. வெளியே வந்தவை இரையை வயிற்றில் நிரப்பிக்கொண்டு போய், வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டும். அப்படித்தான் மருந்து ராணி வரை போய்ச் சேர வேண்டும். அதனால்தான் ஜெல் போன்ற இரை மருந்தில் விஷம் மிகக் குறைவாக, மெதுவாகக் கொல்லும்படி கலக்கப்படுகிறது. தின்ற எறும்பு வழியிலேயே செத்தால் புற்றுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

ஸ்ப்ரேயில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து எறும்பை விரட்டும். அது பட்ட இடத்தில் வைத்த இரையை எறும்பு தொடாது. சில வகைச் சிற்றெறும்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு புற்றில் பல ராணிகள் இருக்கும். மேலே மருந்து அடித்தால் கூட்டம் பிரிந்து, ஒரு புற்று இரண்டு மூன்றாகிவிடும். ஸ்ப்ரே அடித்த பிறகு அடுத்த அறையிலும் எறும்பு வரத் தொடங்கியதாகப் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மேடையைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகத் துடையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, ஸ்ப்ரே படாத இடமாகப் பார்த்து, எறும்புச் சாரை வருகிற வழியின் ஓரத்தில், சுவர் இடுக்கை ஒட்டிச் சிறு சொட்டுகளாக வையுங்கள். சமைக்கிற இடத்திலும் பாத்திரம் கவிழ்க்கிற இடத்திலும் வேண்டாம். சாரையைத் துடைக்காதீர்கள், நசுக்காதீர்கள். வைத்த இரை தீர்ந்தால் மறுபடி வையுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். சர்க்கரை டப்பாவும் எச்சில் தட்டும் அருகில் திறந்து கிடந்தால் எறும்புக்கு உங்கள் இரை தேவைப்படாது என்பதையும் மறக்காதீர்கள்.

கேரம் போர்டு பவுடரைச் சர்க்கரையில் கலந்து வைத்தால் எறும்பு ஒழியும் என்கிறார்கள். எவ்வளவு கலக்க வேண்டும்? இது பாதுகாப்பானதுதானே?
வாசகர், ஈரோடு

கேரம் போர்டுக்குப் போடுவது பெரும்பாலும் போரிக் ஆசிட் பவுடர். எறும்புக்கு அது வேலை செய்யும். ஆனால் பலர் செய்வதுபோலச் சர்க்கரையும் பவுடரும் பாதிக்குப் பாதி கலந்து கொட்டி வைப்பது இரண்டு வகையில் தவறு. அந்த அடர்த்தியில் எறும்பு அதை ஒதுக்கும், அல்லது புற்றுக்குப் போகும் முன்பே சாகும். குழந்தை கைக்கு எட்டினால் அதுவே உயிருக்கு ஆபத்து.

சரியான அளவு ஒரு சதவீதம் வரைதான். 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 20 கிராம் சர்க்கரை, 2 கிராம் போரிக் ஆசிட். சின்ன எடைக்கருவி இருந்தால் நிறுத்துப் போடுங்கள். இல்லையென்றால் தலைதட்டிய டீஸ்பூனில் பாதி ஏறக்குறைய 2 கிராம் வரும். முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். அடியில் பவுடர் தங்கினால் அந்த இடத்தில் மட்டும் அடர்த்தி கூடிவிடும். இதில் பஞ்சை நனைத்து, மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, பக்கவாட்டில் எறும்பு நுழையும் அளவுக்கு மட்டும் துளை போடுங்கள். மூடியை டேப் ஒட்டி இறுக்கி, மேலே சிவப்பு மையில் ‘விஷம்’ என்று எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் கரைசல் புளித்துவிடும், அப்போது மாற்றுங்கள். கலக்கிய ஸ்பூனும் கிண்ணமும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கையுறை போடுங்கள், தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. போரிக் ஆசிட் கருவைப் பாதிக்கக்கூடிய பொருளாக ஐரோப்பிய ஒன்றியத்தில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது.

‘பாதுகாப்பானதுதானே’ என்ற கேள்விக்கு அளவை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். இந்தக் கரைசல் 15 மில்லியில் 0.15 கிராம் போரிக் ஆசிட் இருக்கிறது. பவுடராக ஒரு டீஸ்பூன் என்றால் சுமார் 4 கிராம். கைக்குழந்தைக்கு 2 முதல் 3 கிராம், வளர்ந்த குழந்தைக்கு 5 முதல் 6 கிராம் உயிரைப் பறிக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் குறித்திருக்கின்றன. ஆபத்து எறும்புக்கு வைத்த டப்பாவில் இருப்பதைவிட, அலமாரியில் மீதி வைத்த பாக்கெட்டில்தான் அதிகம். உப்பு, சோடா மாவு, பொடித்த சர்க்கரை எல்லாம் பார்க்க அதேபோல இருக்கும். அதை அடுப்படி அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள்.

இனிப்பை எறும்பு சீண்டவில்லையென்றால் அது கொழுப்பு தேடுகிற வகை. ஒரு அட்டையில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டும் தேங்காய்த் துருவல் கொஞ்சமும் வைத்துப் பாருங்கள். தேங்காயை மொய்த்தால் எண்ணெய்ச் சத்துள்ள இரை மருந்துதான் பலிக்கும்.

இரண்டு வயதுப் பேரன் ஜெல் மருந்தை விரலில் தொட்டு நக்கிவிட்டான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கலாமா?
வாசகி, மதுரை

கூடாது. உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சாணித் தண்ணீர், தொண்டையில் விரல் விடுவது எதுவுமே கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போனால் அதுவே பெரிய ஆபத்து. உப்பு மிகுந்தாலும் குழந்தைக்கு ஆபத்து.

வாயில் ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் துடையுங்கள். கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விழிப்பாக இருந்தால் இரண்டு வாய் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். மருந்தின் அட்டையையோ குழாயையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பெயரும் சதவீதமும் தெரிகிறபடி போட்டோ எடுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். நக்கியது கொஞ்சம்தான் என்றாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜெல்லில் ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் என்று இருந்தால், 0.1 கிராம் சொட்டில் 0.05 மில்லிகிராம் மருந்துதான் இருக்கும். ஒரு விரல் நக்கினதில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குழாயையே பிதுக்கித் தின்றிருந்தால் கதை வேறு. தொடர்ந்து வாந்தி, அரைமயக்கம், உடல் துடிப்பு, வலிப்பு இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

உரக்கடையில் பேப்பரில் மடித்துத் தருகிற எறும்புப் பொடியை வாசல்படியில் தூவுகிறோம். எறும்பு சாக்பீஸும் போடுகிறோம். சரிதானா?
வாசகர், விழுப்புரம்

பேப்பரில் மடித்த பொடியைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பூச்சிமருந்தை லேபிள் இல்லாமல் பிரித்து விற்பது 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி குற்றம். அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு காலத்தில் எறும்புக்கென்று தூவிய மெத்தில் பாரத்தியான் பொடி இந்தியாவில் 2018-இல் தடைசெய்யப்பட்டது. அது வாய்வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். வியர்வை, எச்சில் ஒழுகுதல், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குதல், மூச்சுத்திணறல் என்று போய் உயிரை எடுக்கும். வெறுங்காலோடு குழந்தைகள் நடக்கிற வாசல்படியில் தூவுகிற பொருளா அது? பழைய பொட்டலம் வீட்டில் இருந்தால் திறக்காமல் அப்படியே ஒதுக்கி வையுங்கள்.

லேபிள் உள்ள பாக்கெட்டில் சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே கூடாது.

சாக்பீஸ் இரை மருந்து அல்ல. அதில் இருப்பது டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு. கோட்டைத் தொட்ட எறும்பு சாகும், புற்று அப்படியே இருக்கும். ஜெல் வைத்த இடத்துக்கு அருகே கோடு போட்டால் ஜெல் வீண். போடுவதென்றால் ஜன்னல் விளிம்பு, கதவு நிலை இடுக்கு போதும். எழுதுகிற சாக்பீஸோடு சேர்த்து வைக்காதீர்கள், குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. அரிசி மாவுக் கோலத்தை ஒட்டியும் கோடு வேண்டாம். அந்த மாவைத் தின்ன அணிலும் குருவியும் வரும்.

மருந்து தின்று செத்த எறும்பைக் கோழி கொத்தினால்?
வாசகி, கரூர்

நாலைந்து எறும்பில் இருப்பது அற்ப அளவு. கோழிக்கும் நாய்க்கும் ஆபத்து டப்பாவைக் கவ்விக் கடிப்பதில்தான். எனவே டப்பாவை அவை நுழையாத இடுக்கில் வையுங்கள். பூச்செடி, துளசி மாடம் பக்கம் வேண்டாம். ஜெல் மருந்துகளில் இருக்கும் ஃபிப்ரோனிலும் இமிடாக்ளோப்ரிடும் தேனீக்களைக் கொல்லும். மீதியான கரைசலைக் கிணற்றடியிலோ குளத்துக்குப் போகிற வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். பஞ்சில் ஊறவைத்து, பிளாஸ்டிக் உறையில் கட்டி, காலிக் குழாயோடு சேர்த்து, தூய்மைப் பணியாளரிடம் மருந்துக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.