கரவன் ஓட்ட ஆசை: கோர்ஸுக்கு இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். இரத்மலானையில் சிபிஎல் (வணிக விமானி லைசன்ஸ்) முடித்துவிட்டேன். 215 மணித்தியாலம் இருக்கிறது, எல்லாம் செஸ்னா 172இல்தான். சீனன்குடாவில் வந்திறங்கும் செஸ்னா 208 கரவன் போன்ற ஒற்றை எஞ்சின் டர்போபுரொப் (டர்பைன் எஞ்சின் புரொப்பெலரைச் சுழற்றும் விமானம்) ஓட்டி உழைக்க விருப்பம். வெளிநாட்டில் கரவன் கோர்ஸ் ஒன்றுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். கரவனைப் பொறுத்தவரை, கையில் ரேட்டிங் (குறித்த விமானத்தை ஓட்டலாம் என்று லைசன்ஸில் ஏறும் தகுதி) இருக்கிறதென்று யாரும் வேலை தருவதில்லை. வேலைக்கு எடுப்பவர் தன் விமானத்திலேயே, தன் செக் கப்டனை (விமானிகளைச் சோதித்துத் தேற்றும் கப்டன்) வைத்துப் பழக்கிக்கொள்வார். நீங்கள் வெளியே வாங்கிவந்த பத்து மணித்தியாலத்தை அவருடைய காப்புறுதிக் கம்பனி பெரிதாக எடுக்காது. அது கேட்பது மொத்த மணித்தியாலத்தையும், அதில் கப்டனாகப் பறந்தது எவ்வளவு என்பதையும்தான்.

கடதாசி அளவில் இது சின்ன விஷயம். 208பி கரவனின் உச்ச எடை 3969 கிலோ. அமெரிக்க விதிப்படி 12,500 இறாத்தலுக்கு, அதாவது 5670 கிலோவுக்கு, உட்பட்ட டர்போபுரொப்புக்குத் தனி டைப் ரேட்டிங் தேவையில்லை. ஐரோப்பாவில் செஸ்னா டர்போபுரொப்புகளுக்கு ஒரு கிளாஸ் ரேட்டிங், பிலாட்டஸ் பிசி-12க்கு வேறொன்று. ஒரு நாட்டில் வாங்கியது மற்ற நாட்டு லைசன்ஸில் தானாக ஏறாது. ஆகவே எந்தக் கோர்ஸ் ஆனாலும், அது உங்கள் லைசன்ஸில் எப்படி எழுதப்படும் என்பதை நமது சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் எழுத்தில் பெற்றபிறகு காசைக் கையில் எடுங்கள்.

அந்தக் காசில் முதலில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) எடுங்கள், இன்னும் எடுக்காவிட்டால். சர்வதேச அளவுகோல்: கப்டனாக 50 மணித்தியாலம் குறுக்குநாட்டுப் பறப்பு (ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு), கருவிப் பறப்பு 40 மணித்தியாலம். ஒற்றை எஞ்சினில் பயணிகளை ஏற்றிக்கொண்டு இரவிலோ முகிலுக்குள்ளோ போவதைப் பல நாடுகள் நெடுங்காலம் விடவில்லை. எஞ்சின் நின்றுபோகும் வீதம் ஒரு இலட்சம் மணித்தியாலத்துக்கு ஒன்றுக்கும் குறைவு என்று காட்டினால்தான் அந்த அனுமதி. ஐரோப்பா இதைத் திறந்துவிட்டது 2017இல். அப்படி அனுமதி உள்ள நிறுவனத்தில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லாதவருக்கு இடமில்லை.

வலது இருக்கை (துணை விமானி) வேலை கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். கரவன் ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்றது. விதிப்படி துணை விமானி கட்டாயம் என்று அந்த நாடு சொன்னால்தான் உங்கள் மணித்தியாலம் கணக்கில் வரும். அப்போதும் உயர்ந்த லைசன்ஸுக்கு அதில் பாதிக்கு மேல் எடுக்கமாட்டார்கள். 600 பறந்தால் 300. வெறுமனே கூட இருந்து பார்த்ததை லொக்புக்கில் எழுதி நேர்முகத்தில் மாட்டியவர்கள் உண்டு.

இனி விமானத்துக்கு வருவோம். 172 எஸ் 180 குதிரைவலு, 1157 கிலோ. 208பியின் பிடி6ஏ-114ஏ எஞ்சின் 675 குதிரைவலு. சீனன்குடா வானில் விமானப்படையினர் பயிலும் பிடி-6 வேறு. அது சீனத் தயாரிப்பு, பிஸ்டன் எஞ்சின். பெயர்தான் ஒன்று.

பிஸ்டன் எஞ்சினை ஸ்டார்ட் செய்யத் தெரியாவிட்டால் அது பிடிக்காது, அவ்வளவுதான். டர்பைனை ஸ்டார்ட் செய்யத் தெரியாவிட்டால் சில விநாடியில் எஞ்சினே போய்விடும். எனவே கொக்பிட்டில் ஏறுமுன் இந்த ஒழுங்கை மனப்பாடம் செய்யுங்கள்: பற்றரி 24 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. எமர்ஜென்சி பவர் லீவர் நோர்மலில், பவர் லீவர் ஐடிலில். ஸ்டார்ட்டரைப் போட்டு, என்ஜி (கம்பிரசர் சுழலும் வேகம்) 12 சதவீதத்தில் நிலைத்த பிறகே எரிபொருள் லீவரை லோ ஐடிலுக்கு. அதற்குப்பின் கண் ஐடிடியை (டர்பைனுக்குள் வாயுவின் சூடு) விட்டு அசையக்கூடாது. 1090 பாகை செல்சியஸ் எல்லை. அதுவும் இரண்டு விநாடிக்குத்தான். முள் அதை நோக்கிப் பாய்வது தெரிந்தால் காத்திருக்காமல் எரிபொருளை வெட்டுங்கள், ஸ்டார்ட்டரை மட்டும் ஓடவிட்டுச் சூட்டை வெளியே தள்ளுங்கள். நல்லபடி பிடித்தால் 52 சதவீதத்தில் ஸ்டார்ட்டர் ஓஃப்.

சூடு ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றுப் போதாமைதான். பற்றரி சோர்ந்திருந்தால் கம்பிரசர் மெதுவாகச் சுழலும், எரிபொருள் மட்டும் முழுதாய் வரும். 12 சதவீதத்துக்கு முன் லீவரைத் தள்ளினாலும் அதே கதி. எமர்ஜென்சி லீவர் முன்னே தள்ளியபடி இருந்தால் அது கட்டுப்பாட்டைத் தாண்டி எரிபொருளைக் கொட்டும். கச்சான் ஊதுகிற நாளில் வாலைக் காற்றுக்குக் காட்டி நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் புகைபோக்கிக்குள் காற்று எதிர்த்து நிற்கும். மூக்கைக் காற்றுக்குத் திருப்புங்கள். முதல் முயற்சி தவறினால் ஸ்டார்ட்டருக்கு 30 விநாடி வேலை, 60 விநாடி ஓய்வு. மூன்றாவது தடவைக்குப் பிறகு 30 நிமிடம் ஆறவேண்டும்.

மேலெழும்போது 172இல் போல லீவரை முட்டத் தள்ளாதீர்கள். இந்த எஞ்சினில் உங்களைத் தடுக்கக் கணினி இல்லை. கடல்மட்டத்தில் 1900 சுழற்சியில் 1865 அடி-இறாத்தல் டொர்க் (முறுக்குவிசை) முதலில் வரும் எல்லை. மேலே போகப்போக ஐடிடி எல்லை முந்திக்கொள்ளும். இறங்கும்போது எதிர்மாறு: லீவரை முழுதாக இழுத்தால் புரொப்பெலர் தட்டுப்போல் காற்றை மறிக்கும், விமானம் கீழே அமுங்கும், மீண்டும் வலு கேட்டால் எஞ்சின் சுழன்றுவர நேரம் எடுக்கும். ஓடுபாதை வரை கொஞ்சம் டொர்க்கை வைத்தே வாருங்கள். 172 பழக்கத்தில் உதறுவதற்கு ஆகக் கடினமானது இதுதான்.

மிதவை பூட்டிய கரவனுக்கு நீர்விமான ரேட்டிங் தனி. சக்கரமும் மிதவையும் சேர்ந்த வகையில் ஆளைக் கொல்வது ஒரே பிழை: சக்கரத்தை இறக்கியபடி நீரில் தொடுவது. மிதவை மூக்குக் குத்தி விமானம் கவிழும். பரவலாகப் பூட்டும் விப்லைன் மிதவையில் நீல விளக்கு நான்கு எரிந்தால் சக்கரம் மேலே, அது நீருக்கு. பச்சை நான்கு, ஓடுபாதைக்கு. ஒவ்வொரு இறக்கத்திலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். திருகோணமலை உட்துறைமுகம் விடியற்காலையில் கிடப்பதுபோல் கண்ணாடி நீர் என்றால் உயரம் கண்ணுக்குத் தெரியாது. கரையோரமாக, நிமிடத்துக்கு 150 அடி அளவில் வலுவோடு இறங்கித் தொடும்வரை காத்திருக்கவேண்டும். உப்புக்காற்றில் ஓடும் எஞ்சினுக்குக் கம்பிரசர் கழுவுதலும் அன்றாட வேலைதான், புதியவரும் அதில் கைவைக்க நேரும்.

மாலைதீவு நினைப்பு இருந்தால், அங்கே ஓடும் கடல்விமானங்கள் பெரும்பாலும் ட்வின் ஓட்டர், இரட்டை எஞ்சின். அதற்கு மல்ட்டி எஞ்சின் ரேட்டிங் வேண்டும். பொட்சுவானாவின் மவுன் போன்ற இடங்களில் 200 மணித்தியாலக்காரர் பிஸ்டன் செஸ்னா 206இல் தொடங்கித்தான் கரவனுக்கு ஏறுவார். நாடு எதுவானாலும் லைசன்ஸைச் செல்லுபடியாக்க, அங்குள்ள விமானச்சட்டப் பரீட்சை, முதல்தர மருத்துவச் சான்று, நான்காம் மட்டத்துக்குக் குறையாத ஆங்கிலச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். நான்காம் மட்டம் பொதுவாக மூன்று வருடத்தில் காலாவதியாகும், திகதியைப் பாருங்கள். லொக்புக்கின் ஒவ்வொரு பக்கக் கூட்டுத்தொகையும் பயிற்சிப் பள்ளியின் முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று இரத்மலானையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். வெளிநாடு போனபின் திருத்துவது மாதக்கணக்கு.