நல் லென்ஸ் (null lens: கண்ணாடியின் வடிவம் சரியாக இருந்தால் சோதனையில் நிழல் இல்லாமல் சீராகத் தெரியச் செய்யும் லென்ஸ்) வைத்துச் சோதித்த டெலஸ்கோப் கண்ணாடி சரிதான் என்று நம்பலாமா?

அந்த லென்ஸைத் தனியாகச் சரிபார்க்காதவரை நம்பாதீர்கள். சோதனைக் கருவி பொய் சொன்னால், அந்தப் பொய்க்கு ஏற்றபடியே கண்ணாடியைத் தேய்த்து முடிப்போம். ஹபிள் தொலைநோக்கிக்கு நடந்தது அதுதான். 2.4 மீட்டர் கண்ணாடியைச் சோதித்த நல் கரெக்டர் என்ற இதே வகைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அதனால் கண்ணாடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் அதிகத் தட்டையாகிவிட்டது. வேறொரு எளிய சோதனை அப்போதே பிழையைக் காட்டியது, ஆனால் அதை ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் டால் சோதனைக்கு (நல் லென்ஸ் சோதனையின் எளிய வகை) ஒரு தட்டைக்குவி லென்ஸ் வைப்பார்கள். அதன் குவியத்தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள், பெட்டியில் எழுதியிருப்பது போதாது. சோதனையின்போது லென்ஸை மட்டும் சுழற்றுங்கள்; கண்ணாடியில் தெரியும் நிழலும் கூடவே சுழன்றால் குறை லென்ஸில்தான்.

அப்புறம் முக்கியமானது, லென்ஸே இல்லாத ஃபூக்கோ சோதனை. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கத்தி விளிம்பால் மறைத்து நிழலைப் பார்ப்பது அது. 200 மி.மீ. விட்டமுள்ள எஃப்/6 (குவியத்தூரம் விட்டத்தைப் போல 6 மடங்கு) கண்ணாடிக்கு வளைவு ஆரம் 2400 மி.மீ. ஒளிமூலமும் கத்தியும் சேர்ந்து நகரும் அமைப்பில், நடுவுக்கும் விளிம்புக்கும் கத்தி நகர வேண்டிய தூரம், பாதி விட்டமான 100 மி.மீ.ஐ வைத்துக் கணக்கிட்டால், 100²/(2×2400), அதாவது சுமார் 2.08 மி.மீ. இரண்டு சோதனையும் ஒத்துப்போகாவிட்டால் தேய்ப்பதை உடனே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.