தாத்தா பாட்டி சொன்ன பர்மா கதைகளை எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி வருகிறது. என்ன செய்யலாம்?

நான் யாங்கோன்காரன். 1964-ல் அரசாங்கம் கடைகளைத் தேசியமயமாக்கிய பிறகு சொந்தக்காரர்கள் பலரும் கப்பலேறிவிட, இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. சிறுகதை எழுதுவேன், நண்பர்கள் எழுதியதைப் படித்துக் கருத்தும் சொல்வேன். நீங்கள் சொல்லும் சிக்கலை அடிக்கடி பார்க்கிறேன்.

தகவலைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தகவல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் அது கதைக்குள் இருக்கும் யாராவது ஒருவரை அன்றைக்கே கடிக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. அப்போது பர்மாவை ஆண்ட நே வின்னின் அரசாங்கம் 25, 35, 75 கியாட் தாள்கள் (கியாட் என்பது பர்மா நாணயம்) செல்லாது என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. இதை இப்படியே எழுதி, கீழே ‘மக்கள் கண்ணீர் வடித்தனர்’ என்று ஒரு வரியும் சேர்த்தால் நீங்கள் பயப்படுகிற பாடப்புத்தகம் ரெடி.

இதையே ஒரு வீட்டுக்குள் கொண்டுபோங்கள். செல்லம்மா தெருவில் கைமாற்றுக் கடன் கொடுப்பவர். முருகையா அவரிடம் வாங்கிய பணத்தைத் தராமல் வருஷக்கணக்காக வேறு சந்து வழியாகவே போய்வருகிறார். அந்தச் சனிக்கிழமை அவரே வந்து வாசலில் நிற்கிறார்.

“உட்காரு தம்பி, டீ போடறேன்.”

“வேண்டாம் அக்கா. எண்ணிப் பார்த்துக்குங்க.”

“நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும். வட்டி எதுக்குய்யா இவ்வளவு?”

“இருக்கட்டும் அக்கா.”

எல்லாம் 75 கியாட் தாள்கள். செல்லம்மா அரிசி டின்னுக்குள் வைத்து மூடுகிறார். சாயங்காலம் எண்ணெய் வாங்கப் போனால், கடைக்காரர் தாளைத் தொடாமலேயே தலையாட்டுகிறார். “ரேடியோ கேக்கலையா?”

தேதி எங்கும் வரவில்லை. நே வின் பெயரும் வரவில்லை. ஆனாலும் நடந்தது என்ன என்று எந்த வாசகருக்கும் புரியும். முருகையாவுக்கு முன்பே செய்தி தெரியுமா என்பதை நான் எழுத மாட்டேன். டீ வேண்டாம் என்றாரே, அது போதும். இனி செல்லம்மா அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடுவாரா, அதே தாள்களைச் செய்தி தெரியாத இன்னொருவர் தலையில் கட்டப் பார்ப்பாரா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் கதை இன்னும் நன்றாக வரும் என்பது என் எண்ணம். நல்லவர்கள் மட்டுமே கஷ்டப்படும் கதைகளில் எனக்குச் சீக்கிரம் தூக்கம் வந்துவிடும்.

கூடுதல் தகவல் இருந்தால் அதற்கும் இடம் உண்டு. பிறகு 45, 90 கியாட் தாள்கள் வந்தன. இரண்டும் ஒன்பதால் வகுபடும். நே வின்னுக்கு ஒன்பதில் நம்பிக்கை என்பது ஊரறிந்த பேச்சு. இதை விளக்க ஒரு பத்தி வேண்டாம். கணக்குத் தெரியாத ஒரு பையனைக் கல்லாவில் உட்காரவைத்து, 90-ஐ நீட்டும் ஆளுக்கு 35 கியாட் சாமான் போக மீதி கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வசனம். இருவருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் மற்றவரிடம் சொல்லவே கூடாது. “உனக்குத்தான் தெரியுமே, 1964-ல் நம் கடையை அரசாங்கம் தேசியமயமாக்கியது” என்று எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் பேசியதில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘கடை போன வருஷம்’ என்பார்கள், அவ்வளவுதான். சின்ன மகள் பிறந்தது கடை போன வருஷம், பல் முளைத்தது அதற்கு அடுத்த வருஷம். வாசகர் நாலு பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொள்வார், விடுங்கள்.

அப்புறம், தாத்தாவிடம் எப்படிக் கேட்கிறீர்கள்? பலமுறை சொல்லிப் பழகிய கதையை அவர் தூக்கத்திலும் சொல்வார். அது உங்கள் சித்தப்பாவுக்கும் தெரியும். குறுக்கே கேளுங்கள். கிளம்பும்போது சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்? மாட்டை என்ன செய்தீர்கள்? அடுப்பில் இருந்த சோறு? கூட வந்தவர்களில் யார்மேல் இன்னும் கோபம்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பாட்டி சட்டென்று பேச்சை மாற்றினால், உங்கள் நாவல் அங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் வற்புறுத்தாதீர்கள். மிச்சத்தை நீங்கள் கற்பனை செய்தால் போதும், பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள்.

ஜப்பான் படையெடுப்புக்குத் தப்பி 1942-ல் ‘நடந்தே வந்தோம்’ என்று சொன்னால் எந்த வழி என்று கட்டாயம் கேளுங்கள். புரோம் நகரிலிருந்து மலை தாண்டி அரக்கான் கரைக்கு இறங்கியவர்கள் உண்டு. சிண்ட்வின் (Chindwin) ஆற்றைக் கடந்து எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்குள் போனவர்கள் உண்டு. வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கில் மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பாடு மிக மோசம். வழியைப் பொறுத்து மழை, சேறு, நோய், கூட வரும் ஆட்கள் எல்லாமே மாறும். மூன்றையும் கலந்து ஒரே குடும்பத்தின் தலையில் ஏற்றினால் நம்ப மாட்டார்கள்.

பர்மாவுக்கு வராமல் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம். தெருப் பெயர்களை மட்டும் காலத்தோடு சரிபார்த்துவிடுங்கள். யாங்கோனில் இன்றைய ஷ்வே போன்தா தெருதான் அன்றைய மொகல் தெரு. உங்கள் கதை 1941-ல் நடந்தால், ரிக்‌ஷாக்காரர் மொகல் தெருவுக்குத்தான் வண்டியை விட வேண்டும். எழுதி முடித்ததும் முதல் அத்தியாயத்தை ஒரு பர்மாத் தமிழரிடம் படிக்கக் கொடுங்கள். சாப்பாட்டுத் தவறுகளை எங்கள் ஆட்கள் உடனே பிடித்துவிடுவார்கள், மற்றவற்றுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.